பழைய மீன்பிடிப் படகுக்கு மாற்று அவுட்போர்டு இன்ஜின்: தேர்ந்தெடுக்கும் முறை

பல ஆண்டுகள் உழைத்த படகில், பின்முனைப் பலகையில் வெளியே தொங்கும் அவுட்போர்டு இன்ஜின் ஓய்ந்துபோனால், எத்தனை குதிரைத்திறனில் புதியது வாங்கலாம் என்பதே உரிமையாளர் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதன் முறை சற்றுப் பின்னால் வருகிறது. படகின் பின்பலகை இன்னும் உறுதியாக இருக்கிறதா, அது எவ்வளவு எடையைத் தாங்கும், அந்த எடையோடு படகு நீரில் எப்படி அமரும் என்பவற்றுக்கு விடை தெரிந்த பிறகு திறனைப் பற்றிப் பேசினால்தான் பேச்சில் பொருளிருக்கும்.

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட சிறு படகுகளின் பின்பகுதி, அக்காலத்தில் வழக்கிலிருந்த கார்புரேட்டர் வகை டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களின் எடையைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. 40 குதிரைத்திறன் கொண்ட அத்தகைய இன்ஜின் ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ வரை இருந்தது. அதே திறன் கொண்ட இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 95 முதல் 110 கிலோ வரை இருக்கிறது. இந்த இடைப்பட்ட காலத்தில் படகும் இளைத்துவிடவில்லை. தளத்துக்கு அடியில் உள்ள மிதவை நுரை நீரை உறிஞ்சியிருக்கும். பழுதுபார்த்த இடங்களில் கண்ணாடியிழை அடுக்கடுக்காக ஏறியிருக்கும். பெரிய ஐஸ் பெட்டி, இரண்டாவது பேட்டரி, வலை இழுக்கும் கருவி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே பின்பக்கம் தாழ்ந்திருக்கும் படகில் மேலும் முப்பது கிலோவை, அதுவும் ஆகக் கடைசி முனையில், தொங்கவிடப் போகிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே தேர்வைத் தொடங்க வேண்டும்.

பின்பலகையைச் சோதித்தல்

டிரான்சம் எனப்படும் பின்பலகை, பழைய ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே வைக்கப்பட்ட பிளைவுட்டால் ஆனது. இன்ஜின் போல்ட்டுகளின் துளைகள், வடிகுழாய், ஆழமானி பொருத்திய திருகுகள் ஆகியவற்றின் வழியே நீர் கசிந்து உள்ளே சென்றுவிட்டால், மரம் உள்ளுக்குள் மக்கத் தொடங்கும்; வெளித்தோலோ புதிதுபோல் பளபளத்துக்கொண்டிருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவுசெய்வது போதாது.

பழைய இன்ஜினைக் கழற்றும் முன்பே முதல் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. படகைக் கரையில் நிறுத்தி, இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து ஒருவர் மேலும் கீழுமாக அழுத்த, மற்றொருவர் பின்பலகையின் மேல்விளிம்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இன்ஜினோடு சேர்ந்து பலகையும் அசைந்தால், அல்லது போல்ட்டைச் சுற்றி நீர் கசிந்தால், உள்ளே மரம் கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அடுத்து, பிளாஸ்டிக் தலைகொண்ட சிறு சுத்தியலால் பலகை முழுவதையும் தட்டிப் பார்க்கலாம்: நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயம் தீரவில்லை என்றால், உட்புறத்திலிருந்து, அடிப்பகுதிக்கு அருகே, சிறிய துளையிட்டு வெளிவரும் மரத்தூளைப் பார்க்க வேண்டும். வெளிர்நிறத்தில் உலர்ந்து வந்தால் கவலையில்லை. கறுத்து ஈரமாக வந்தால் விடை கிடைத்துவிட்டது. சோதனைத் துளையை எபாக்சியால் அடைத்துவிடுவது கட்டாயம்.

பின்பலகையும் பக்கவாட்டுச் சுவர்களும் சந்திக்கும் மூலைகளில் விரிசல் உண்டா, பழைய இன்ஜினின் பிடிதிருகுகள் பலகையில் பள்ளம் பதித்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மரப்படகில் பின்பலகையைத் தாங்கும் முட்டுக்கட்டைகளையும் அவற்றின் போல்ட்டுகளையும், அலுமினியப் படகில் பற்றவைப்பு இணைப்புகளையும், ஈரமரம் உலோகத்தைத் தொடும் இடங்களில் உள்ள அரிப்பையும் தனியாகக் கவனிக்க வேண்டும். பலகை கெட்டிருக்கிறது என்று தெரிந்தால், இன்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அதைப் புதுப்பிக்கச் செலவிட்டு, சற்றுச் சிறிய இன்ஜினோடு நிறைவடைவதே என் பரிந்துரை. மக்கிய பலகையில் பொருத்திய விலையுயர்ந்த இன்ஜின், நடுக்கடலில் படகின் பின்பகுதியையே பிய்த்துக்கொண்டு போகக்கூடும்.

எடையை மணல்மூட்டையால் அறிதல்

வாங்க நினைக்கும் இன்ஜினின் எடைக்கும் பழைய இன்ஜினின் எடைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிந்து, அந்த அளவுக்கு மணல்மூட்டைகளை, பழைய இன்ஜின் பொருத்தப்பட்ட நிலையிலேயே, பின்பலகையை ஒட்டி வைத்துப் பார்ப்பதுதான் இதில் உள்ள மிக எளிய, மிகக் குறைவாகச் செய்யப்படும் சோதனை. படகு நீரில் மிதக்க வேண்டும். எரிபொருள், ஐஸ், வலை, ஆட்கள் எல்லாம் தொழிலுக்குப் போகும் நாளில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். பிறகு இருவர் பின்பக்கம் சென்று வலை இழுக்கும் நிலையில் நிற்க, தளத்தின் வடிதுளைகள் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா, பின்பலகையில் இன்ஜினுக்காக வெட்டித் தாழ்த்திய பகுதிக்கும் நீருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். வடிதுளை வழியே நீர் உள்ளே ஏறினால், அலை பின்னாலிருந்து வரும் நாளில் அந்தப் படகு பாதுகாப்பானதன்று.

அப்படி நேர்ந்தால், பேட்டரியையும் எரிபொருள் தொட்டியையும் முன்பக்கமாக நகர்த்தி ஓரளவு சரிசெய்யலாம். அது போதாதென்றால் இலகுவான இன்ஜினுக்கு இறங்கிவர வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உதவும். தயாரிப்பாளர்கள் ஒரே இன்ஜின் பிளாக்கை வைத்து இரண்டு மூன்று திறன் அளவுகளை உருவாக்குவது வழக்கம். 40, 50, 60 குதிரைத்திறன் இன்ஜின்கள் ஒரே குடும்பமாக இருந்தால், 40 வாங்குபவர் 60க்குரிய எடையைச் சுமக்கிறார். அதற்குக் கீழுள்ள குடும்பத்தின் உச்சமான 30 குதிரைத்திறன் இன்ஜினோ 20 முதல் 40 கிலோ வரை குறைவாக இருக்கக்கூடும். எனவே விவரத்தாளில் திறனுக்குப் பக்கத்தில் உலர்எடை, சிலிண்டர் எண்ணிக்கை, கனஅளவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, எடை எந்த இடத்தில் திடீரென்று ஏறுகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். உலர்எடையில் எண்ணெயும் புரொப்பெல்லரும் சேராமல் இருக்கலாம் என்பதால் மேலும் சில கிலோவைக் கூட்டிக்கொள்வது நல்லது.

திறன்

படகில் தயாரிப்பாளர் பதித்த கொள்ளளவுத் தகடு இருந்தால், அதில் குறித்துள்ள அதிகபட்ச குதிரைத்திறனே எல்லை. அதை மீறினால் படகின் கட்டுமானத்துக்கு ஆபத்து. பல காப்பீட்டு ஒப்பந்தங்களும் செல்லாமல் போகும். பழைய படகுகளில் தகடு தேய்ந்தோ, தொடக்கத்திலிருந்தே இல்லாமலோ இருக்கலாம். அந்நிலையில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிமுறை 20 அடிக்குக் குறைவான படகுகளுக்குத் தரும் கணக்கை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம். படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்க வேண்டும். பெருக்குத்தொகை 52.5-ஐத் தாண்டி, சக்கரத் திசைதிருப்பியும் குறைந்தது 20 அங்குலப் பின்பலகை உயரமும் இருந்தால், அத்தொகையை இரட்டித்து 90-ஐக் கழிக்க வேண்டும். கைப்பிடியால் இயக்கும் இன்ஜின் என்றால் 0.8-ஆல் பெருக்கி 25-ஐக் கழிக்க வேண்டும். தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுக்கு இதைவிடக் குறைவு. 16 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட படகுக்குப் பெருக்குத்தொகை 80. முதல் வகையில் 70 குதிரைத்திறனும், இரண்டாம் வகையில் 39, அதாவது ஐந்தின் மடங்குக்கு உயர்த்தினால் 40 குதிரைத்திறனும் கிடைக்கும். இது நல்ல நிலையில் உள்ள படகுக்கான மேல்வரம்பு. பழைய படகு அதை எட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

மேல்வரம்புக்குள் எவ்வளவு தேவை என்பதைப் படகின் அடிவடிவம் தீர்மானிக்கிறது. நீரைக் கிழித்துக்கொண்டு செல்லும் உருண்டை அடிப்படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) அளவில் கிடைக்கும். நீர்க்கோடு 16 அடியானால் சுமார் 5.4 நாட், 25 அடியானால் 6.7 நாட். இதைத் தாண்டி எவ்வளவு திறன் கொடுத்தாலும் படகு தன் பின்னலையில் தானே குழி பறித்து அமருமே தவிர, வேகம் பெயரளவுக்கே கூடும். எரிபொருள் மட்டும் மளமளவென்று தீரும். அத்தகைய படகுக்கு அதிகத் திறனைத் தேடுவதைவிடப் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றும் இன்ஜினைத் தேடுவது அறிவுடைமை. நீரின்மேல் எழும்பிச் சறுக்கிச் செல்லும் தட்டையான அல்லது வி வடிவ அடிப்பகுதி கொண்ட படகின் கணக்கு வேறு. முழுப் பாரத்தோடு மேலெழும்ப முடியாத அளவுக்குக் குறைந்த திறனை வாங்கினால், இன்ஜின் நாள் முழுதும் முழு வேகத்தில் உழைத்து, எரிபொருளையும் தின்று தானும் சீக்கிரம் தேய்ந்துபோகும். பழைய இன்ஜின் முழுப் பாரத்தோடு படகை எழுப்பியதா, எவ்வளவு நேரம் எடுத்தது என்ற உங்கள் சொந்த அனுபவமே இங்கு எந்தச் சூத்திரத்தையும்விட நம்பத்தக்கது.

தண்டின் நீளம்

இன்ஜினிலிருந்து புரொப்பெல்லர்வரை கீழிறங்கும் தண்டு எவ்வளவு நீளம் வேண்டும் என்று அறிய, பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை, நடுக்கோட்டில் அளக்க வேண்டும். சந்தையில் உள்ள இன்ஜின்கள் 15, 20, 25 அங்குல உயரங்களுக்கு ஏற்ற தண்டுகளோடு வருகின்றன. பெரிய இன்ஜின்களில் 30 அங்குலமும் உண்டு. பொருத்திய பின், புரொப்பெல்லருக்குச் சற்று மேலே கிடைமட்டமாக உள்ள தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதற்கு ஓர் அங்குலம் கீழாகவோ அமைய வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் அலையில் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். நெட்டையாக இருந்தால் நீரின் தடை கூடி, ஆழம் குறைந்த இடத்தில் அடிபடும். பழைய இன்ஜினின் அளவையே அப்படியே கேட்டு வாங்குவது ஆபத்தானது. இடையில் யாரேனும் பின்பலகையை உயர்த்தியோ வெட்டியோ இருக்கலாம். பழைய இன்ஜினே பொருந்தாத அளவில் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா

கார்புரேட்டர் வகை டூ ஸ்ட்ரோக்கில் புதிய எரிபொருள் கலவை உள்ளே வரும்போதே எரிந்த வாயு வெளியேறுவதால், எரிபொருளில் கால்பங்கு அளவுக்கு எரியாமலேயே வெளியே போய்விடக்கூடும். இதனால் பல நாடுகள் புகைவரம்பு விதிகளைக் கடுமையாக்கின; அமெரிக்காவில் 1998 முதல் 2006 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த விதிகள் இவ்வகையைப் புதிய விற்பனையிலிருந்து ஏறத்தாழ வெளியேற்றின. வேறு பல நாடுகளில் இவை இன்னும் புதிதாகவே விற்கப்படுகின்றன. எடை குறைவு, அமைப்பு எளிது, சாதாரணக் கருவிகளால் பழுதுபார்க்கலாம் என்பவை இவற்றின் வலிமைகள். கரையில் கையால் தூக்கிச் செல்லும் படகுக்கும், அருகிலேயே சென்று திரும்பும் தொழிலுக்கும் இவை இன்றும் நியாயமான தேர்வே.

நாள்தோறும் பல மணிநேரம் ஓடும் படகுக்கோ எரிபொருளே பெருஞ்செலவு. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் முழுவேகத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்று அறிய, குதிரைத்திறனில் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 பங்கு என்று கொள்ளலாம்; 40 குதிரைத்திறனுக்கு 14 முதல் 16 லிட்டர். கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் இதைவிடத் தெளிவாகக் கூடுதலாகக் குடிப்பதோடு, எண்ணெயும் கலக்க வேண்டும். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு என்பது பரவலான விகிதம். தூண்டிலைப் பின்னால் இழுத்தபடி மெதுவாகச் செல்லும்போது இவ்வேறுபாடு மேலும் பெரிதாகும். எனவே மெதுவேகத்தில் நெடுநேரம் ஓடும் தொழிலுக்கு, மணல்மூட்டைச் சோதனையில் படகு தேறிவிட்டால், நான் தயங்காமல் ஃபோர் ஸ்ட்ரோக்கையே சொல்வேன்.

எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி எரிபொருள் செலுத்தல் கொண்ட டூ ஸ்ட்ரோக் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வகை, இலகுவானது, சிக்கனமானது. ஆனால் அவ்வகையில் பெயர்பெற்ற எவின்ரூட் இ-டெக் இன்ஜின்களின் உற்பத்தி 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், அவை மலிவாகக் கிடைத்தாலும் உதிரிபாகத்தையும் கணினிச் சோதனைக் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கையும் உறுதிசெய்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். டீசல் அவுட்போர்டுகள் எரிபொருளில் சிக்கனமானவை என்றாலும் அவற்றின் எடை பழைய சிறு படகின் பின்பலகைக்கு ஒவ்வாது. மின்சார இன்ஜினைப் பொறுத்தவரை, தொலைதூரம் செல்லும் மீன்பிடித் தொழிலுக்குப் பேட்டரியின் கொள்ளளவு இன்னும் போதவில்லை.

கியர் விகிதமும் புரொப்பெல்லரும்

ஒரே திறன் கொண்ட இரண்டு இன்ஜின்களில் ஒன்று பாரப்படகைத் தள்ளுவதும் மற்றொன்று திணறுவதும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. சில நிறுவனங்கள் ஒரே இன்ஜினைப் பெரிய கியர்பெட்டியோடும் அதிகக் கியர் விகிதத்தோடும் தனி மாதிரியாக விற்கின்றன. பெரிய விட்டமுள்ள புரொப்பெல்லரை அவை மெதுவாகச் சுழற்றுவதால், பாரம் ஏற்றி மெதுவாகச் செல்லும் படகுக்கு மிகவும் ஏற்றவை. வேகம் தேடுவோர் அவற்றை ஒதுக்கிவிடுவார்கள். பாரம் சுமப்பவர் அவற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

புரொப்பெல்லரின் அளவு விட்டம், பிட்ச் என்ற இரண்டு எண்களால் அங்குலத்தில் குறிக்கப்படுகிறது. பிட்ச் என்பது நழுவலே இல்லாமல் ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தொலைவு. அதை ஓர் அங்குலம் குறைத்தால் முழுவேகச் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும். பழைய இன்ஜினின் புரொப்பெல்லரைப் புதியதில் மாட்டிப் பணத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது; புரொப்பெல்லர் தண்டின் பற்கள் பொருந்தினாலும், கியர் விகிதம் மாறியிருந்தால் அதன் பிட்ச் புதிய இன்ஜினுக்குச் சரியாக இராது.

இன்ஜினைச் சுற்றியுள்ளவை

வேறு நிறுவனத்தின் இன்ஜினுக்கு மாறினால், இயக்குபெட்டி, கேபிள்கள், மின்கம்பித் தொகுதி, சுழற்சிமானி, எரிபொருள் குழாயின் இணைப்பான் எல்லாமே மாற வேண்டியிருக்கும். விலைப்பட்டியல் கேட்கும்போதே இவற்றைச் சேர்த்துக் கேட்காவிட்டால், மலிவாகத் தோன்றிய இன்ஜின் இறுதியில் விலை கூடியதாக முடியும். நடுத்தர, பெரிய இன்ஜின்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே போல்ட் துளை அமைப்பைப் பின்பற்றுவதால் பழைய துளைகளே பொருந்தலாம். பொருந்தாதவற்றை எபாக்சியால் நிரப்பிவிட்டுப் புதிதாகத் துளையிட வேண்டும். வெறும் சீலன்ட் அடைத்து விட்டுவிடக் கூடாது. திருகுப்பிடியால் மாட்டும் சிறிய இன்ஜினையும் பலகையை ஊடுருவிச் செல்லும் போல்ட்டால் இறுக்கிவிடுவது பாதுகாப்பு.

எரிபொருள் செலுத்தல் கொண்ட புதிய இன்ஜின், அழுக்கையும் நீரையும் பழைய கார்புரேட்டர் அளவுக்குப் பொறுத்துக்கொள்ளாது. தொட்டியைக் கழுவி, வெடித்த குழாய்களையும் அமுக்குப் பம்ப்பையும் மாற்றி, நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்த வேண்டும். இத்தகைய இன்ஜினுக்குப் பேட்டரி வலுவாக இருப்பதும் முக்கியம். அது இறங்கிவிட்டால் கயிற்றால் இழுத்துக் கிளப்ப முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய இன்ஜினையே வாங்குவதானால்

விற்பவர் சூடாக்கி வைக்காத குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பச் சொல்ல வேண்டும். எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து, அவை ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபடவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால் நிறையத் தெரியும்: பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது; கருகிய வாடையோ உலோகத்துகளோ இருந்தால் கியர் தேய்ந்திருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் தாரை சீராகப் பீய்ச்சுகிறதா, புரொப்பெல்லர் தண்டு கோணாமல் சுழல்கிறதா, அரிப்பைத் தாம் ஏற்று இன்ஜினைக் காக்கும் துத்தநாகக் கட்டைகள் மாற்றப்பட்டு வந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். புதிதாகப் பூசிய வண்ணத்தைக் கண்டால், மகிழ்வதற்கு முன் அதன் அடியில் அரிப்பு உண்டா என்று தேடுங்கள். வரிசை எண் தகடு சுரண்டப்பட்டிருந்தால் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வது நல்லது.

புதியதோ பழையதோ, ஒரு நாளில் சென்று திரும்பும் தொலைவுக்குள் அந்த நிறுவனத்தின் உதிரிபாகமும் அதைக் கையாளத் தெரிந்த மெக்கானிக்கும் இல்லையென்றால் நான் அதை வாங்கமாட்டேன். மீன்பிடிப்பு தொழில்முறைப் பயன்பாடாகக் கருதப்படுவதால், விளம்பரத்தில் சொல்லப்படும் உத்தரவாதக் காலம் உங்களுக்குக் குறைக்கப்பட்டிருக்கலாம். அதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

சோதனை ஓட்டம்

புதிய இன்ஜினுக்குக் கையேட்டில் குறித்துள்ள பழக்க ஓட்டம் முடியும்வரை, பொதுவாக முதல் பத்து மணிநேரம், முழுவேகத்தில் தொடர்ந்து ஓட்டக் கூடாது. அதன் பிறகு, தொழில்நாளின் முழுப் பாரத்தையும் ஏற்றி, அமைதியான நீரில் திராட்டிலை முழுதும் திறந்து, தயாரிப்பாளர் குறித்துள்ள முழுவேகச் சுழற்சி வரம்புக்குள் இன்ஜின் நிற்கிறதா என்று சுழற்சிமானியில் பார்க்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு இந்த வரம்பு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று. உங்கள் மாதிரிக்குரிய துல்லியமான எண் கையேட்டில் இருக்கும். வரம்பின் அடிமட்டத்தையே எட்டவில்லை என்றால் பிட்ச் அதிகம்; அப்படியே ஓட்டினால் இன்ஜின் மூச்சுத்திணறி, சிலிண்டரில் கரி படியும். வரம்பைத் தாண்டினால் பிட்ச் குறைவு. வெறும் படகில் சோதித்து முடிவுசெய்தால், ஐஸும் மீனும் ஏறிய நாளில் கணக்கு தவறிப்போகும் என்பதால், முழுப் பாரத்தோடு வரம்பின் மேல்பாதியில் நிற்கும்படி புரொப்பெல்லரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை மாற்றித்தர விற்பவர் ஒப்புக்கொள்வாரா என்பதை இன்ஜினுக்குப் பணம் கொடுக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்; பொருத்தி முடித்த பிறகு கேட்டால் பெரும்பாலும் நடவாது.